தொலைக் கிராமங்களுக்குப் பட்டாளத்தார் செய்யும் சகாயமும் கூட்டுறவுச் சங்கங்களின் நன்கொடையும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் வாழும் ஜனங்களுக்குப் பட்டாளம் புதிய காட்சியன்று. பூந்தமல்லியில் கும்பினியார் காலத்திலேயே துருப்புகள் தங்கியிருந்தன. கண்டோன்மெண்ட் என்ற பெயர் அவ்வூரில் பின்னரும் வழங்கி வந்தது. ஆவடியில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராணுவப் பண்டகசாலைகள் எழுந்தன. சுதந்திரத்திற்குப் பின் 1960-களில், டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், சிப்பாய்களின் உடுப்புகளைத் தைக்கும் படை உடைத் தொழிற்சாலையும் அங்கே அமைந்தன. இமயமலையின் பனியில் காவல் நிற்கும் ஒரு சிப்பாயின் மேற்சட்டை ஆவடியில் தைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். தைத்தவர் அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குச் சென்றவராகவும் இருக்கக்கூடும்.

இவ்வளவு அண்மையில் இருந்தும், அச்சிப்பாய் யுத்தமில்லாத காலத்தில் பாதையற்ற கிராமங்களுக்குச் செய்யும் சகாயம் எத்தகையது, அதற்கும் வெளியார் கொடுக்கும் தர்மப் பணத்துக்கும் சம்பந்தம் என்ன என்பவை பலருக்கு விளங்காமலே இருக்கின்றன. வெள்ளமோ நிலச்சரிவோ நேர்ந்த செய்தி வந்ததும் சங்கத்து மகாசபையில் நன்கொடைத் தீர்மானம் ஒன்று எழும்பும். உடனே யாரேனும் ஓர் அங்கத்தினர், "சிப்பாய்க்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது. அவர் ஏற்றிச் செல்லும் அரிசியும் சர்க்கார் அரிசி. நம் சங்கத்துக் காசுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பார். இக்கேள்வி கருமித்தனத்தால் எழுவதென்று ஒதுக்கத்தக்கதன்று. சங்கத்தின் பணம் அங்கத்தினர் பலருடைய பணம். அது போகும் இடத்தை அறியாமல் கைதூக்குவோரைவிட, கேட்டறிந்து கைதூக்குவோரே சங்கத்துக்கு வேண்டியவர்கள்.

பட்டாளத்தின் வேலை எது?

முதலில் ஒரு விஷயம் தெளிவாதல் வேண்டும். இந்தியாவில் விபத்துக் காலத்தில் நிவாரணம் செய்யும் பொறுப்பு மாகாண சர்க்காருக்கும் ஜில்லாக் கலெக்டருக்கும் உரியது. இராணுவம் தானாக வந்து கிராமத்தை ஏற்றுக்கொள்வதில்லை. ஊர்க்காவல், போலீஸ், தீயணைப்புப் படை ஆகியவற்றால் இயலாதபோது, சிவில் அதிகாரிகள் கேட்டுக்கொள்வதன்மேல் துருப்புகள் வருகின்றன. அவர்களுடைய வேலை முடிந்ததும் திரும்பிவிடுகின்றன. ஆகவே பட்டாளம் கொண்டுவருவது பெரும்பாலும் பொருளன்று, வழி. பாலம், படகு, ஹெலிகாப்டர், வடம், மண்வெட்டி, கட்டுப்பாடாக உழைக்கும் ஆட்கள் ஆகியவற்றால் அடைபட்ட ஊருக்கு ஒரு வழி திறக்கப்படுகிறது. அவ்வழியில் எது போகவேண்டும், யார் அனுப்பவேண்டும் என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்து எண்ணாததனாலேயே நன்கொடை விஷயத்தில் குழப்பம் உண்டாகிறது.

வழி இல்லாமற்போனால் என்னாகும் என்பதற்கு 1943-ஆம் வருடத்து வங்காளப் பஞ்சத்தைவிடக் கொடிய சாட்சி இல்லை. பர்மா ஜப்பானியர் வசமான பின் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது, விலை ஏறியது. அஃதன்றியும், பகைவர் கரையிறங்கினால் அவர்களுக்குப் பயன்படலாகாது என்று 1942-இல், கடலோர ஜில்லாக்களில் பத்துப் பேரும் அதற்கு மேலும் ஏறத்தக்க படகுகளை அதிகாரிகள் அகற்றினர். வங்காளத்தின் கழிமுகக் கிராமங்களுக்குப் படகே வண்டி, படகே சந்தை. அது போன பிறகு, மீனவன் மீன்பிடிக்கவும் குடியானவன் தீவிலுள்ள தன் வயலுக்குச் செல்லவும் வகையற்றுப்போயிற்று. மாண்டவர் தொகையை முப்பது லட்சம் வரையில் மதிப்பிடுகிறார்கள். கல்கத்தாவில் தர்மவான்களும் மடங்களும் சங்கங்களும் கஞ்சித்தொட்டி நடத்தாமலில்லை. ஆனால் கஞ்சித்தொட்டி நகரத்தில் இருந்தது. பசி கிராமத்தில் இருந்தது. நடக்கக்கூடியவர்கள் நகரத்துத் தெருவுக்கு நடந்துவந்து மடிந்தார்கள். நடக்கமாட்டாதவர்கள் தங்கள் திண்ணையிலேயே மடிந்தார்கள். அவ்வருடம் அக்டோபரில் இராஜப்பிரதிநிதியாகப் பதவியேற்ற வேவல் பிரபு, வங்காளம் சென்று நிலைமையைக் கண்டபின், தானியத்தை உள்நாட்டுக் கிராமங்களுக்கு ஏற்றிச் செல்ல இராணுவத்தை ஏவினார். லாரிகளும் இராணுவ வைத்தியப் பிரிவுகளும் சென்ற பிறகே நிவாரணம் கிராமத்தின் வாசலை எட்டியது. எத்தனையோ உயிர்களுக்கு அது காலம் கடந்த உதவி. படகை அகற்றியதும் யுத்த ஏற்பாடு, லாரி கொடுத்ததும் யுத்தப் படை என்பதை இங்கே மறைக்க வேண்டுவதில்லை.

சூரல்மலைப் பாலம்

பட்டாளம் வழி திறக்கும் விதத்தை விளங்கிக்கொள்ள அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2024-ஆம் வருடம் ஜூலை 30-ந் தேதி விடியுமுன், கேரளத்து வயநாட்டில் மேப்பாடிக்கு மேலுள்ள மலை சரிந்து, புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களின்மேல் சேறும் பாறையுமாக இறங்கிற்று. தேயிலைத் தோட்டங்களை அடுத்த அவ்வூர்களில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சூரல்மலையிலிருந்து முண்டக்கைக்குச் செல்லும் ஒரே பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. அக்கரையில் உயிரோடிருப்பவர் எத்தனை பேர் என்று இக்கரையிலிருந்து அறிவதற்கில்லை. வடத்தைப் பிடித்துக்கொண்டும் சிறு நடைபாலத்தின்மேலும் ஆட்கள் கடக்கலாம். ஆனால் மண்ணைத் தோண்டும் யந்திரம் கடக்காது. யந்திரம் கடக்காவிட்டால் புதைந்தவரை மீட்பதும் இல்லை, வண்டியில் அரிசி சேர்வதும் இல்லை.

அங்கே அனுப்பப்பட்டவர்கள் பெங்களூரிலுள்ள மதராஸ் பொறியாளர் படையினர். 1780-இல் மதராஸ் பயனியர் என்ற பெயரால் தோன்றிய இப்படையினரைப் பட்டாளத்தில் 'தம்பி' என்றழைப்பது வழக்கம். தமிழகத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆள் சேர்ந்த படைக்கு அப்பெயர் பொருத்தமே. பாலத்தின் உறுப்புகள் தில்லியிலிருந்து விமானத்தில் கண்ணூருக்கும், பெங்களூரிலிருந்து லாரிகளில் மலைப்பாதை வழியாகவும் வந்துசேர்ந்தன. மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண் அதிகாரி வேலையை நடத்தினார். மழை விடவில்லை, இரவும் நிறுத்தவில்லை. சுமார் 31 மணி நேரத்தில் 190 அடி நீளமுள்ள பாலம் முடிந்தது. ஆகஸ்ட் 1-ந் தேதி மாலை அதன்மேல் இராணுவ வண்டிகள் சென்றன. 24 டன் வரையில் பாரம் தாங்கத்தக்கது அப்பாலம்.

இத்தனை விரைவில் பாலம் போடுவது மாயமன்று. அதன் அமைப்பே அத்தகையது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது டொனால்டு பெய்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த முறை அது. பத்தடி நீளமும் சுமார் ஐந்தடி உயரமும் உள்ள எஃகுச் சட்டமே அதன் செங்கல். சட்டம் ஒன்றின் எடை சுமார் 570 பவுண்டு. ஆறு பேர் தண்டு கொடுத்துத் தூக்கிவிடலாம். ஒரு சட்டத்தோடு மற்றொன்றை ஆணியால் பூட்டினால் பத்துப் பத்தடியாகப் பாலம் வளரும். 190 அடிக்குப் பத்தொன்பது கண்டங்கள். பளுத்தூக்கும் யந்திரம் வேண்டாம்; ஆற்றின் நடுவில் சாரம் கட்டவும் வேண்டாம். இக்கரையிலேயே பாலத்தைப் பூட்டி, உருளைகளின்மேல் வைத்து, அக்கரையை நோக்கித் தள்ளுவார்கள். முன்னால் இலேசான மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டு போகும். பின்னால் பாரம் மிகுந்திருப்பதால் பாலம் ஆற்றில் கவிழாது. மூக்கு அக்கரையைத் தொட்டதும் அதைக் கழற்றிவிட்டு, பலகை பரப்புவார்கள். கவலை ஏற்றத்தையும் பாரம் சமன்செய்த துலாவையும் கண்டறிந்த குடியானவருக்கு இதன் சூத்திரம் எளிதில் விளங்கும்.

ஆனால் பாலம் என்பது இரும்பு மட்டுமே. முண்டக்கைக்கு வழி கிடைத்த பின், அங்கே மிஞ்சிய குடும்பங்களுக்கு மாற்று வீடும், புத்தகம் இழந்த பிள்ளைக்குப் புத்தகமும், ரேஷன் அட்டையும் பத்திரமும் சேற்றில் போனவருக்கு மறுபடியும் அவை கிடைப்பதும், பிழைப்புக்கு ஒரு பசுவோ தையல் யந்திரமோ கிடைப்பதும் எஃகுச் சட்டத்தால் ஆவனவல்ல. தம்பிகள் பாலத்தை ஜில்லா அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அவர்களுடைய பங்கு அதுவே. எஞ்சிய வேலை மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் ஆவது. சர்க்காருடைய பணமும் ஊராருடைய நன்கொடையும் சேரவேண்டிய இடம் அதுதான். மகாசபையில் எழுந்த கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: சிப்பாய்க்குச் சம்பளம் கொடுப்பதற்காக எவரும் நன்கொடை கேட்பதில்லை, சிப்பாய் திறந்த வழி வீணாகாமலிருப்பதற்காகக் கேட்கிறார்கள்.

அவ்வழியின் விலையும் சிறிதன்று. 2013-ஆம் வருடம் ஜூன் மாதம் உத்தராகண்டத்தில் கேதாரநாதத்தைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் பெருவெள்ளம் வந்தபோது, ஜூன் 25-ந் தேதி கௌரிகுண்டத்துக்கு அருகில் மி-17 ரக ஹெலிகாப்டர் ஒன்று வீழ்ந்து நொறுங்கியது. விமானப்படையினரும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், திபெத்திய எல்லைக் காவலருமாக அதிலிருந்த 20 பேரும் மாண்டனர். மதுரையைச் சேர்ந்த இளம் விமானி ஒருவரும் அவர்களில் ஒருவர். ஒரு மூட்டையைப் பள்ளத்தாக்கில் சேர்ப்பதற்குச் சில சமயம் இவ்விலை கொடுக்கப்படுகிறது. ஆகையால் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அற்ப விஷயமன்று.

மூட்டைக்குள் இருப்பது

2004-ஆம் வருடம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அலை தாக்கிய பின் நாகப்பட்டினத்திலும் அதனை அடுத்த மீனவக் குப்பங்களிலும் கண்ட காட்சியொன்றை அங்கு வேலை செய்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். நாடெங்கிலுமிருந்து பழந்துணி லாரி லாரியாக வந்து இறங்கிற்று. கிழிந்தவை, கறைபட்டவை, குளிர்நாட்டுக் கம்பளி, மீனவப் பெண்கள் உடுத்தும் வழக்கமில்லாத உடுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. வாங்குவாரின்றி அவை சாலையோரத்தில் குவிந்து மழையில் நனைந்தன. மாடுகள் அவற்றின்மேல் படுத்தன. தன் படகில் கடலுக்குப் போய்ச் சம்பாதித்து உடுத்திவந்த மீனவன், பிறர் கழித்த கந்தலைக் கையில் வாங்க மனம் கூசினான் என்றால் அதில் வியப்பதற்கில்லை. தில்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' என்னும் ஸ்தாபனம், அவ்வாறு எஞ்சிய துணிகளில் பெரும்பகுதியைப் பின்னர் ஏற்று, தரம்பிரித்து, பயனுள்ள வேறு பொருள்களாக மாற்ற முற்பட்டது. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடே கொடுத்தார்கள். பழுது எண்ணத்தில் இல்லை. கேளாமல் அனுப்பியதில் இருந்தது.

மலைநாட்டில் இப்பழுது இன்னும் பெரிதாகும். மி-17 ஹெலிகாப்டர் சமவெளியில் சுமார் 4 டன் ஏற்றவல்லது. மலை உயர உயரக் காற்று மெலிவதால் அதன் சக்தி குறையும். அவ்வளவு பாரத்தை உயரத்தில் அது தூக்காது. எனவே அங்கே ஒரு மூட்டை பழந்துணி ஏறினால் ஒரு மூட்டை அரிசியோ மருந்துப் பெட்டியோ கீழே நிற்கிறது. பால்மாவு விஷயமும் அத்தகையதே. குழந்தைக்குப் பால் என்றால் யாருக்கும் மனம் இளகும். ஆயினும் வெள்ளம் புகுந்த ஊரில் நல்ல நீரும் கொதிக்கவைக்க விறகும் இல்லாதபோது, கலங்கல் நீரில் கரைத்த மாவு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத் தரும். தாய்ப்பாலும் அதனால் வற்றக்கூடும். வைத்தியர் கேட்டாலன்றி அதை அனுப்பலாகாதென்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் போன்றவற்றின் நீண்டகால ஆலோசனை. காலாவதிக்கு ஒரு மாதம் இருக்கும் மருந்துகளைக் கொடுத்துப் புண்ணியம் தேடுவோரும் உண்டு. அவற்றை எண்ணிப் பிரித்து எறிவதற்கென்றே அங்குள்ள கம்பவுண்டர் ஒருவருடைய நாள் செலவாகும்.

இவ்வட்டாரத்தாருக்கு இதைப் பிறர் சொல்லி அறியவேண்டியதில்லை. 2015-ஆம் வருடம் டிசம்பர் 1-ந் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. பூந்தமல்லிக்கு அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றில் இறங்கியது. மீனம்பாக்கம் விமான நிலையம் நீரில் மூழ்கி மூடப்பட, அரக்கோணத்திலுள்ள ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பிரயாணிகள் விமானங்கள் சென்றன. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும், தேசியப் பேரிடர் மீட்புப் படையும் படகிலும் ஹெலிகாப்டரிலும் ஜனங்களை மீட்டன; மாடியில் நின்றவர்களுக்கு மேலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. இலட்சக்கணக்கானோர் கொடுப்பவராயிருந்து பெறுபவராக மாறிய வாரம் அது. நீர் வடிந்த பின் எந்த வீட்டில் என்ன தேவைப்பட்டது என்பதை நினைவில் வைத்திருப்போர் இங்கே பலர்: பிளீச்சிங் பௌடர், துடைப்பம், மெழுகுவர்த்தி, குடிநீர்க் குடம், பாய், பெண்களுக்கு வேண்டிய துணி, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம். பொட்டலச் சாதம் மூன்றாம் நாளுக்குமேல் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. அது வந்துகொண்டே இருந்தது. தாம் பெற்றபோது குறைபட்டுக்கொண்டதையே பிறருக்கு அனுப்பாதிருத்தல் நியாயம்.

இனி, வெள்ளம் போன்ற விபத்து இல்லாத காலத்தும் பட்டாளத்தார் எல்லைக் கிராமங்களில் செய்துவரும் சகாயம் ஒன்று உண்டு. 1998-இல் ஜம்மு காஷ்மீரத்தில் 'சத்பாவனா', அதாவது நல்லெண்ணம், என்ற பெயரால் இராணுவம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் பாதை அடைபடும் ஊர்களில் பள்ளிக்கூடம், வைத்திய முகாம், தையல் முதலிய கைத்தொழில் பயிற்சி, குடிநீர் வசதி ஆகியவை அதன் வழியாக நடந்தன. செலவின் பெரும்பகுதி சர்க்காருடையது. ஆயினும் வெளியார் தர்மமும் சேர்ந்தது. 2013-இல், ஏழைப் பிள்ளைகளைப் பொறியியல் பரீட்சைக்குப் பயிற்றும் திட்டம் ஒன்று காஷ்மீரத்தில் இராணுவமும் பெட்ரோநெட் என்னும் எரிவாயுக் கம்பெனியும் ஒரு கல்வி ஸ்தாபனமும் கூடித் தொடங்கப்பட்டது. புனாவைச் சேர்ந்த இந்திராணி பாலன் அறக்கட்டளை, இராணுவ நல்லெண்ணப் பள்ளிகளுக்குத் துணைபுரிய 2021-இல் உடன்படிக்கை செய்துகொண்டது; பாராமுல்லாவில் அங்கவீனமும் மனவளர்ச்சிக் குறைவும் உள்ள பிள்ளைகளுக்கான பள்ளியும் அதன் உதவியைப் பெற்றது. இடமும் கட்டுப்பாடும் பாதுகாப்பும் பட்டாளத்துடையவை. பணமும் ஆசிரியரும் வெளியாருடையவை என்ற பங்கீட்டை இவற்றில் காணலாம்.

இதில் ஒரு தடையும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. துப்பாக்கி தாங்கியவர் கொடுக்கும் உதவியை ஒரு கிராமத்தான் வேண்டாமென்று சொல்வது எளிதன்று. தனக்கு வேண்டியது கிணறா பள்ளியா என்று அவன் வாய்திறந்து சொல்வதும் எளிதன்று. கலகம் நிகழ்ந்த பிரதேசத்தில் உதவி பெற்றவன் இரு தரப்பாராலும் சந்தேகிக்கப்படுவதுண்டு. ஜனங்களின் மனத்தைக் கவர்வதே இத்தகைய சகாயத்தின் ஒரு நோக்கம் என்பதை இராணுவத்தாரே மறைப்பதில்லை. மேலும், பட்டாளம் இடம் மாறினால் அது நடத்திய பள்ளி யாருடையது என்ற கேள்வி எழும். இக்காரணங்களால் பட்டாளத்தார் தொடங்கும் வேலையைக் காலக்கிரமத்தில் கிராமப் பஞ்சாயத்தோ கல்வி இலாகாவோ ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுத்தலே உசிதம். கொடுப்பவர் கேட்கத் தயங்கவேண்டிய கேள்வியன்று இது.

சங்கம் செய்யத்தக்கது

நன்கொடை கொடுக்கும் வழிகளில் முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். வருடந்தோறும் டிசம்பர் 7-ந் தேதி கொண்டாடப்படும் கொடிநாளுக்குக் கொடுக்கும் பணம் கிராம நிவாரணத்துக்குச் செல்வதன்று. 1949-இல் ஏற்படுத்தப்பட்ட அந்நாளில் விற்கும் சிறு கொடியின் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று வர்ணங்கள் முப்படைகளைக் குறிக்கும். அதன் நிதி, யுத்தத்தில் மாண்டவரின் மனைவி மக்களுக்கும், அங்கமிழந்த சிப்பாய்களுக்கும், முன்னாள் படைவீரருக்கும் உரியது. வழியைத் திறந்தவனுடைய குடும்பத்தைக் காப்பதும் தக்க தர்மமே. ஆனால் வெள்ளத்தில் வீடிழந்தவருக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அதில் போடலாகாது. விபத்து நிவாரணத்துக்கென்று, தேசப் பிரிவினையால் அகதிகளானோர்பொருட்டு 1948 ஜனவரியில் நேரு அவர்களின் வேண்டுகோளால் தோன்றிய பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதியும், அந்தந்த மாகாண முதன் மந்திரியின் நிவாரண நிதியும் இருக்கின்றன. இவை ரசீது கொடுக்கும். பட்டாளத்துச் சிப்பாயிடமோ அதிகாரியிடமோ நேராகப் பணத்தைக் கொடுக்க முயல்வது சரியன்று. வாங்கிக்கொள்வது அவர்களுக்கும் முறையன்று. சீருடை அணிந்தவரின் படத்தைக் காட்டிக் கைப்பேசி வழியாகப் பணம் கேட்போரை நம்பலாகாதென்பதைச் சொல்லவே வேண்டியதில்லை; ஆனாலும் ஏமாறுவோர் குறைந்தபாடில்லை.

சங்கத்துப் பணத்தில் தர்மம் செய்ய இடமுண்டா என்று ஐயுறுவோருக்கு: அந்த இடம் மிகப் பழையது. இவ்வட்டாரத்துக்கு மேற்கே, திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904-ஆம் வருடம் ஆகஸ்டில் பதிவான ஐக்கிய நாணய சங்கம், இராஜதானியில் கிராமச் சங்கங்களுக்கெல்லாம் மூத்தது. அதன்பின் எட்டு வருடத்தில் வந்த 1912-ஆம் வருடத்துக் கூட்டுறவுச் சட்டத்தின் 34-வது பிரிவே, நிகர லாபத்தில் கால் பாகத்தைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையை, ரிஜிஸ்திராரின் அனுமதியோடு, தர்ம காரியத்துக்குக் கொடுக்கலாமென்று வகுத்தது. உதாரணமாக நிகர லாபம் 80,000 ரூபாயானால், 20,000 சேமநிதிக்குப் போக மிஞ்சுவது 60,000. அதில் தர்மத்துக்குச் செல்லத்தக்கது 6,000. முதலில் சேமநிதி, அதன் பின்னரே தர்மம் என்ற வரிசையைக் கவனிக்கவேண்டும். தன் அங்கத்தினருக்கு வறட்சி வந்தால் கடன் கொடுக்கவியலாத சங்கம் பிறருக்குத் தானம் செய்வது அழகன்று என்பது சட்டம் இயற்றியோரின் கருத்தாக இருக்கவேண்டும். அச்சட்டம் தமிழ்நாட்டில் இப்போது வழக்கிலில்லை. 1983-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமே வழங்குகிறது. ஆகவே காரியதரிசி, அச்சட்டத்தையும் விதிகளையும் தம் சங்கத்தின் உபவிதிகளையும் பார்த்து, துணைப்பதிவாளரைக் கேட்ட பின்னரே தீர்மானத்தை எழுதுதல் வேண்டும்.

தீர்மானத்திலும் "நிவாரணத்துக்கு" என்று பொதுப்பட எழுதாமல், எந்த ஜில்லாவுக்கு, எந்த நிதியின் மூலம் என்று குறிப்பது நலம். பொருளாக அனுப்பவேண்டுமென்று அங்கத்தினர் விரும்பினால், அந்த ஜில்லாக் கலெக்டர் அலுவலகம் வெளியிடும் தேவைப்பட்டியலைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள ஒரே ஒரு பொருளை நல்ல தரத்தில் மொத்தமாக வாங்கி, மூட்டையின் வெளியில் உள்ளிருப்பதையும் எடையையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பலாம். பல வீட்டார் கொடுத்த பல சாமான்களை ஒரே சாக்கில் கட்டினால், அதைப் பிரிக்க அக்கரையில் ஆள் இருக்காது. அவசரப்படவேண்டுவதுமில்லை. முதல் வாரத்தில் எல்லோரும் கொடுப்பார்கள்; பத்திரிகைகள் அவ்வூரை மறந்த நான்காம் மாதத்தில், பட்டாளமும் முகாமைக் கலைத்த பின், கொடுப்பவர் அருகிவிடுவர். மகாசபை தீர்மானித்த தொகையில் பாதியை உடனே அனுப்பி, பாதியை அந்நாளுக்கென்று வைத்திருக்கும் சங்கம், அவ்வூரார் வீடு எழுப்பும் சமயத்தில் கைகொடுத்ததாகும்.

பணம் சென்ற பின் ரசீது வரும். அதன் எண்ணும் தேதியும் தொகையும் நாளேட்டில் பதிவாகி, ரசீதின் பிரதி சங்கக் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அடுத்த மகாசபையில் படிக்கப்படவேண்டும். அப்போது முன்போல யாரேனும் ஓர் அங்கத்தினர் எழுந்து, "அந்தப் பணம் எந்த ஊருக்கு, என்ன பொருளாகச் சென்றது?" என்று கேட்பார். காரியதரிசியின் கையில் அதற்குரிய பதில் இருத்தல் வேண்டும்.